ஆளில்லாத சமாதி

எங்கள் மொரூகோல் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு தோண்டும்போது ஒரு கிழங்கு கை நழுவினால் அது நேரே ஓடைக்குத்தான் போய்ச் சேரும். அதைத் தேடி இறங்கி ஏறுகிறவனுக்கு மதியக் கஞ்சி ஆறிப்போகும் என்பதால் யாரும் தேடப் போவதில்லை. ஓடையோரம் குடியிருந்த மா தொக்பல் மட்டும், மேலே தோண்டுகிற நாட்களில் கூடையோடு கரையில் உட்கார்ந்திருப்பான். மலைச்சாமி தனக்கென்று உருட்டி விடுகிறார், இதில் திருட்டு எங்கே வந்தது என்பான்.

காங்வொன் மலையில் பிழைப்பு இப்படித்தான். பனி உருகியதும் ஒரு சரிவை வெட்டிக் காயப்போட்டு, காற்றடங்கிய நாளாகப் பார்த்துத் தீ வைத்து, சாம்பல் ஆறியதும் விதைப்போம். அதுதான் புனம். முதலில் தினை, அப்புறம் சோயா, அப்புறம் மக்காச்சோளமும் உருளையும். மண் சலித்துப்போனால் அடுத்த சரிவுக்கு நகர்வோம். கீழே சமவெளியில் கையகல நிலம் இல்லாதவர்கள்தான் நாங்கள் எல்லோரும். எங்களால் மலை மொட்டையானது உண்மை. ஒரு கோடை மழையில் மேலிருந்து இறங்கிய சேறு, கீழே ஆற்றங்கரை ஊர் ஒன்றைக் கூரையோடு மூடியதும் உண்மை. இதை மறைத்துவிட்டுக் கதை சொன்னால் என் வாய் அழுகிப்போகும்.

அதற்குப் பிறகுதான் சர்க்கார் விழித்துக்கொண்டது. மலையில் இனித் தீ வைக்கக் கூடாது. சரிவு ஒரு அளவுக்கு மேல் இருந்தால் அந்தப் புனம் காட்டிலாகாவுக்குப் போகும், அங்கே மரம் நடப்படும், அந்த மரத்தையும் புனக்காரனே நட வேண்டும். கூலியாகக் கோதுமை மாவு கிடைக்கும். தன் வயலைத் தானே புதைக்கிறவனுக்கு அப்பம் சுட மாவு. சர்க்காருக்கு இந்த மாதிரி யோசனை எங்கிருந்துதான் வருமோ.

பியோ கில்தோவின் வீடு பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருந்தது. கருவாலி மரப்பட்டை வேய்ந்த கூரை. குளிருக்காக எருதுக் கொட்டிலையும் வீட்டுக்குள்ளேயே, சமையலறைக்கு எதிரே வைத்துக் கட்டிய பழைய வீடு. வீட்டில் நான்கு பேர்: கில்தோ, அவன் பெண்டாட்டி, கல்யாண வயதில் யோன்ரே என்று ஒரு மகள், பிறகு பின்னறையில் கில்தோவின் அப்பா பியோ கிழவர். கூரைக்குப் பட்டை உரிக்க மரமேறி விழுந்து இடுப்பு ஒடிந்தவர் கிழவர். நடை போயிற்றே தவிர வாயும் வயிறும் போகவில்லை. அடுப்புச் சூடு தரைக்கடியில் ஓடிவரும் இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டு, வீட்டில் நடக்கிற எல்லாவற்றுக்கும் குற்றம் சொல்வார்.

அவர்களுடைய மேல்புனத்தில் ஒரு தோள்பட்டை மாதிரி சற்றுத் தணிந்த இடம் உண்டு. மலையிலேயே கறுத்த மண் அங்கேதான். அதன் நடுவில் புல் பதித்த சமாதி மேடு ஒன்று இருந்தது. உள்ளே ஆள் கிடையாது. பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே மேடு எழுப்பி வைத்தால் ஆயுசு கூடும் என்பது எங்கள் வழக்கம். கில்தோ எழுப்பி வைத்திருந்தான். வருடத்துக்கு ஒருமுறை அப்பாவை முதுகுச் சட்டத்தில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவான். கிழவர் மேட்டைத் தட்டிப் பார்த்து, புல் சரியில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவார்.

காட்டிலாகாவிலிருந்து யாங் என்கிற அதிகாரி வந்தது ஒரு இலையுதிர் காலத்தில், கிழங்கு தோண்டி முடித்த வாரம். சரிவை அளக்க, கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தார். எதிரே கோல் பிடிக்கிற வேலை தொக்பலுக்கு. அவனுடைய புனம் முதல் நாளே மரத்துக்குப் போயிருந்தது. மேல்புனத்தைப் பார்த்த யாங், இதுவும் மரத்துக்குத்தான் என்றார். அந்தப் புனம் போனால் கில்தோவுக்கு இருப்பது வீட்டை ஒட்டிய துண்டு நிலம். அதில் விளைவது எருதுக்கே காணாது. குடும்பத்தோடு மலையிறங்கி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போவதைத் தவிர வேறு வழி கிடையாது. சுரங்கத்துக்குப் போன அவன் தம்பி அங்கேயே இருக்கிறான், மேலே வரவேயில்லை, எலும்பாகக்கூட.

அப்போது யாங்கின் கண் மேட்டின் மேல் விழுந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"இது யாரோட சமாதி?"

"எங்க அப்பாவோடதுங்க."

"எப்ப தவறினாரு?"

கில்தோ தொக்பலைப் பார்த்தான். தொக்பல் கோலைப் பார்த்தான்.

"ரெண்டு வருசமாச்சுங்க. நெஞ்சு வலி."

யாங் நல்ல மனிதர். இந்தக் கதையில் நல்ல மனிதர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்ல வேண்டும். சேறு மூடிய அந்த ஆற்றங்கரை ஊர் அவருடைய சொந்த ஊர். அவருடைய அப்பா அம்மா எலும்பு இன்றுவரை கிடைக்கவில்லை. அதனாலோ என்னவோ, சமாதி என்றால் அவர் மனம் இளகிவிடும். மேட்டைச் சுற்றி வழக்கமாக விடுகிற இடத்தோடு நிற்காமல், தணிந்த தோள்பட்டை முழுவதையும் சிவப்புச் சாயம் பூசிய கல் வைத்து ஒதுக்கிக் கொடுத்தார். அதற்குள் மரம் வராது, உழுதுகொள்ளலாம் என்றார். நான்கு வயிறுகளுக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்து கில்தோ விஷயத்தைச் சொன்னபோது கிழவர் கிழங்குப் பணியாரம் தின்றுகொண்டிருந்தார்.

"நான் எதுல செத்தேன்?"

"நெஞ்சு வலியிலப்பா."

"பணக்காரன் சாவுடா அது. பரவால்ல." இன்னொரு பணியாரத்தை எடுத்துக்கொண்டார். "செத்தவனுக்கு அரிசிச் சோறு உண்டில்ல? இனிமே எனக்கு இந்த மக்காச்சோளக் கஞ்சி வேணாம்."

பெண்டாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரோடு இருக்கிறவரைச் செத்தவர் என்று வாயால் சொன்ன வீடு விளங்காது என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். நிலம் இல்லாத வீடு மட்டும் விளங்குமா என்று கில்தோ கேட்டான்.

மறுநாளே தொக்பல் வந்துவிட்டான். கொட்டில் வாசலில் குந்திக்கொண்டு, எருதின் கழுத்தைச் சொறிந்தபடி பேசினான். தன் புனம் போய்விட்டது, தன் அப்பனும் அவசரப்பட்டு நிஜமாகவே செத்துத் தொலைத்துவிட்டான், அதுவும் கீழூர்ச் சுடுகாட்டில், ஒதுக்க ஒரு மேடுகூட இல்லை என்று புலம்பிவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"சிவப்புக் கல்லுக்குள்ள பாதி எனக்கு. நீ மேல்பாதி வெச்சுக்கோ, நான் கீழ்பாதி."

"பாதியில நாங்க எப்படிடா பிழைக்கிறது?"

"மூணு பேருக்குப் பாதி போதாதா? உங்கப்பன்தான் செத்துட்டாரே."

கில்தோ ஒப்புக்கொண்டான். பின்னறையிலிருந்து கிழவர், தொக்பலின் மூன்று தலைமுறையையும் பேர் சொல்லித் திட்டினார். செத்தவர் சத்தம் ஓடை வரைக்கும் கேட்கிறது, கொஞ்சம் அடக்கி வை என்று சொல்லிவிட்டு தொக்பல் போனான்.

குளிர்காலம் முழுக்கப் பள்ளத்தாக்குக்கு இது ஒரு வேடிக்கை. பனியில் முடங்கிக் கிடக்கிற ஜனங்களுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? கில்தோ வீட்டுக்கு வருகிறவர்கள் கிழவரிடம், மேலுலகத்தில் அரிசி விலை எப்படி, எங்கள் மாமியாரைப் பார்த்தீர்களா என்று கேட்பார்கள். அவரும் சளைக்காமல் சொல்வார். ஆனால் நிலம் போனவர்களின் சிரிப்பில் கடிக்கிற பல் தெரியும். அதைக் கிழவர் கவனித்தாரோ இல்லையோ, யோன்ரேயின் அம்மா கவனித்தாள். யாருக்கும் கோபம் வராதபடி எல்லோருக்கும் கிம்ச்சி ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். அந்த வருடம் அவர்கள் ஜாடி சீக்கிரமே காலியாகிவிட்டது.

வசந்தத்தில் லார்ச் என்கிற ஊசியிலை மரத்தின் கன்றுகள் லாரியில் வந்து பள்ளத்தாக்கு வாயில் இறங்கின. ஈரப் பாயில் சுருட்டிக் கட்டிய நீளநீளக் கட்டுகள். அங்கிருந்து முதுகுச் சட்டத்தில் சுமந்து மேலே ஏற்ற வேண்டும். நட்டு முடியும்வரை யாங் ஊரிலேயே தங்கப்போவதாகத் தகவல் வந்தது. வேலைக்கு மேஸ்திரி தொக்பல். ஐயாவை எங்கே தங்க வைப்பது என்ற பேச்சு வந்தபோது, தன் வீட்டில் குழந்தைகள் இருமுகின்றன, கில்தோ வீட்டில்தான் ஒரு அறை காலி, பெரியவர் தவறின அறை என்று யாங்கிடமே சொல்லிவிட்டான். பாதி நிலம் வாங்கியும் அவன் வயிறு ஆறவில்லை.

அன்று மதியம் கிழவரைத் தூக்கிக் கொட்டிலின் பரணில், வைக்கோலுக்குள் படுக்க வைத்தார்கள். கீழே எருது, மேலே கிழவர், சுவருக்கு அந்தப் பக்கம் சூட்டுத்தரையில் யாங். முதல் இரண்டு மூன்று நாள் கிழவருக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. யோன்ரே கஞ்சி கொண்டுபோனால், அதிகாரி என்ன தின்கிறார் என்று விசாரிப்பார். பிறகு பனி மறுபடி இறங்கியது. எங்கள் மலையில் வசந்தம் வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் இருக்கும். பரணில் அடுப்புச் சூடு எட்டாது. கிழவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

காலைக் கஞ்சி குடிக்கும்போது யாங் கேட்டார், இருமுவது யார் என்று. எருது என்றாள் யோன்ரேயின் அம்மா. யாங் குடியானவன் பிள்ளை. கிண்ணத்தை வைத்துவிட்டு, வசந்தத்தில் எருது இருமினால் சும்மா விடக்கூடாது, தொற்று நோயாக இருந்தால் பள்ளத்தாக்கில் ஒரு மாடு மிஞ்சாது, சாயங்காலம் தானே பார்க்கிறேன், தேவைப்பட்டால் மாட்டு டாக்டரை வரவழைக்கிறேன் என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

அன்றைக்கு அவர் சரிவில் இருந்தபோது கிழவரை மறுபடி இடம் மாற்றினார்கள். வீட்டுக்குப் பக்கவாட்டில், மண்கரையைக் குடைந்து விதைக்கிழங்கு போட்டு வைக்கிற குழி உண்டு. ஒரு ஆள் தவழ்ந்து போகிற வாய், உள்ளே படுக்கிற அளவு இடம். கிழங்கே உறையாத இடம் என்பதால் பரணைவிடக் கதகதப்பு. பழைய பருத்தி மெத்தையை விரித்து, கிழவரைக் காலைப் பிடித்து உள்ளே இழுத்துப் படுக்க வைத்தான் கில்தோ. அழுகின கிழங்கின் வாடை மூக்கை அடைத்தது.

"எத்தன நாளைக்குடா?"

"நட்டு முடிக்கிற வரைக்கும்பா. அப்புறம் உங்க அறைதான்."

"எனக்கு இது பிடிக்கல, கில்தோ." கிழவர் வேடிக்கைப் பேச்சை விட்டுவிட்டு மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "நான் செத்தது போதும்னு அந்த ஆள்கிட்டச் சொல்லிடேன்."

கில்தோ மெத்தையின் ஓரத்தை இழுத்து அவர் தோளை மூடினான். சொல்லிவிட்டால் நிலம் போகும், பொய் சொன்னதற்கு ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கும். அதை அவரிடம் சொன்னானா என்று தெரியவில்லை. வெளியே வந்து, காற்றுப் போக இடம் விட்டு, வாயில் வைக்கோலைச் செருகினான்.

ஹான்ஷிக் நாளுக்கு முந்தின சாயங்காலம் அது. குளிர் உணவு நாளான ஹான்ஷிக் அன்று எங்கள் ஜனங்கள் சமாதிக்குப் போய், குளிரில் பெயர்ந்த புல்லைப் புதிதாகப் பதித்து, கள் ஊற்றிக் கும்பிட்டு வருவார்கள். சர்க்கார் மரம் நடும் நாளும் அதை ஒட்டியே வரும். யாங் தன் பையிலிருந்து வெள்ளை அரிசியை எடுத்து யோன்ரேயின் அம்மாவிடம் கொடுத்தார். தன்னைப் பெற்றவர்களுக்குக் கும்பிடப் போக ஒரு மேடு இல்லை, நாளைக்கு உங்கள் மாமனாருக்காவது கும்பிடு போடுகிறேன், இந்த அரிசியைப் பொங்குங்கள் என்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாங் அதை மருமகளின் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு கில்தோவும் யாங்கும் வெளித்தாழ்வாரத்தில் உட்கார்ந்து மக்காச்சோளக் கள் குடித்தார்கள். கரைக் குழி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். யாங் தன் ஊரைப் பற்றிப் பேசினார். சேற்றில் வீட்டுக்கூரையின் நுனி மட்டும் தெரிந்தது, தோண்டத் தோண்டச் சேறு வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது குழியிலிருந்து இருமல் கிளம்பியது. முதலில் ஒன்று. பிறகு நிற்காமல்.

யாங் தலையைத் தூக்கினார். கில்தோ அதற்குள் எழுந்துவிட்டான். இரவு உறைபனி விழும், விதைக்கிழங்குக் குழியை அடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனான். ஒரு கட்டு வைக்கோலை வாயில் திணித்தான். இருமல் கேட்டது. இன்னொரு கட்டைத் திணித்துக் காலால் உதைத்து இறுக்கினான். அதன்மேல் ஈரமண்ணை அள்ளி அப்பினான். சத்தம் நின்றது. எருதின் இருமல் இப்போது தேவலையா என்று யாங் கேட்டதற்கு, தேவலை என்றான். அவர் உள்ளே போய்ப் படுத்ததும் திறந்துவிடலாம் என்பதுதான் அவன் எண்ணம். அதை நான் நம்புகிறேன். ஆனால் யாங் பேசிக்கொண்டே இருந்தார், கள் இருந்துகொண்டே இருந்தது, பிறகு இருவரும் சூட்டுத்தரைக்குப் போய்ப் பேசினார்கள். பகல் முழுக்கக் கட்டுச் சுமந்த உடம்பு. கில்தோ கண் விழித்தபோது யாங் சட்டை மாற்றிக்கொண்டு கும்பிடத் தயாராக நின்றார்.

மேட்டில் அன்று பெரிய கூட்டம். நடவுக்கு வந்த ஊர்ஜனம் எல்லாம் சுற்றி நின்றது. புதுப்புல் பதித்தார்கள். வெள்ளைச் சோறு, உலர்மீன், காய்ச்சி வடித்த சாராயம். யாங் தரையில் நெற்றி படக் கும்பிட்டுவிட்டு, "பெரியவரே, உங்க நிலத்துல மரம் வைக்கிறோம், மன்னிச்சுக்கோங்க" என்று வாய்விட்டுச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. குளிர்காலம் முழுக்கச் சிரித்தவர்களுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. படைத்த சோற்றை எல்லோரும் பகிர்ந்து தின்றோம். யோன்ரேயின் அம்மா தன் பங்கைத் தின்னாமல் உருண்டை பிடித்துப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

குழிவாயில் மண் உறைந்திருந்தது. கொத்தியால் உடைத்து வைக்கோலை இழுத்தாள். அது உள்ளேயிருந்தும் இழுபட்டிருந்தது. கிழவர் படுக்க வைத்த இடத்தில் இல்லை. ஒடிந்த இடுப்போடு வாய்வரைக்கும் தவழ்ந்து வந்து, முகத்தை வைக்கோலில் புதைத்துக் கிடந்தார். இரண்டு கைப்பிடியிலும் வைக்கோல். அவள் கத்தவில்லை. மேலே யாங் வேலை தொடங்க விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

கில்தோ வந்தபோது அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை புருஷனை ஒருமையில் பேசாதவள்.

"ராத்திரி நீ திறந்தியா?"

அவன் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"திறந்தியான்னு கேக்கறேன்."

"தூங்கிட்டேன்."

அவள் மடியிலிருந்த சோற்று உருண்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். "தின்னு" என்றாள். அவன் தின்றான். ஏன் தின்றான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நின்ற இடத்திலேயே, கண்ணீர் வடிய, ஒரு பருக்கை விடாமல் தின்றான்.

தொக்பலுக்குத்தான் முதலில் சொன்னார்கள், சொல்லாமல் முடியாது. அவன் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்து, கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். மேட்டுக்குள் வைக்க முடியாது. புதுப்புல் பதித்து எல்லோரும் கும்பிட்ட மேடு, அதன் பக்கத்தில்தான் யாங் நாள் முழுக்க நின்று வேலையைப் பார்க்கிறார். நடவு முடிகிற வரை குழியில் வைத்திருக்கவும் முடியாது, வெயில் வந்துவிட்டது.

"தோள்பட்டைக்கு அடியில ஒரு பாறை இருக்குல்ல, அதுக்குக் கீழ வரிசை இன்னும் நடல. அங்க நீ, நான், யோன்ரே மட்டும். மத்தவங்களை அந்தப் பக்கம் அனுப்பிடறேன்" என்றான். "கன்னுக்குக் குழி வெட்டுற மாதிரிதான். கொஞ்சம் ஆழமா."

"எங்கப்பாடா அது."

"பாதி நிலம் என்னோடது, மாட்டினா அதுவும் போகும். நான் என்ன, சந்தோசமாவா சொல்றேன்? அறுப்பு முடியட்டும், இந்த ஆள் போகட்டும், நல்ல மாசம் பாத்து எடுத்து மேட்டுல வெச்சுக்கோ. யார் கேக்கப் போறா?"

உடம்பு இன்னும் முழுசாக விறைக்கவில்லை. கன்றுக்கட்டு வந்த பாயில் கிழவரைச் சுருட்டினார்கள். வற்றிப்போன உடம்பு, கட்டு கட்டாகத்தான் இருந்தது. தலைப்பக்கம் நான்கைந்து லார்ச் நுனி தெரிகிற மாதிரி செருகியது தொக்பல். யோன்ரே கயிறு கட்டினாள். ஒரு முடிச்சுகூட நழுவவில்லை என்று பின்னாளில் தொக்பல் சொல்வான், அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் தனக்குப் பயம் வந்தது என்றும் சொல்வான். கில்தோ முதுகுச் சட்டத்தை மாட்டி, குந்தி, ஊன்றுகோலை ஊன்றி எழுந்தான். வருடத்துக்கு ஒருமுறை தூக்கிக்கொண்டு ஏறிய அதே வழி. நல்ல பகல்.

வழியில் யாங் எதிரே வந்தார். நிறுத்தச் சொன்னார். பாயைத் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சு போயிருக்கே. வேர் காஞ்சா கன்னு செத்துரும். எத்தன தடவ சொல்றேன்?"

யாங் கோபிக்கவில்லை. வழியோர ஊற்றிலிருந்து சுரைக்குடுவையில் தண்ணீர் எடுத்து வந்து, தலையிலிருந்து கால் வரைக்கும் தானே ஊற்றினார். நன்றாக நனைகிற வரைக்கும் ஊற்றினார். எங்கள் வழக்கத்தில் செத்தவரைக் கழுவுவது மகன் செய்ய வேண்டிய வேலை. தண்ணீர் பாய் வழியாக இறங்கி கில்தோவின் கழுத்தில் ஓடியது.

பாறைக்குக் கீழே மூன்று பேரும் சேர்ந்து வெட்டினார்கள். மேலே தோள்பட்டையிலிருந்து யாங் கையை வாயருகே குவித்துக் கூப்பிட்டார். அவர் இருந்த இடத்துக்குக் குனிந்த முதுகுகள் மட்டும்தான் தெரியும்.

"நல்லா மிதிங்க. வேருக்குக் காத்துப் படக் கூடாது."

கன்றை வைத்து, மண்ணைத் தள்ளி, மிதிக்க வேண்டும். அதுதான் நடுகிற முறை. கில்தோ கால் எடுத்து வைக்கவில்லை. தொக்பலும் பின்வாங்கினான். யோன்ரே ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஏறி மிதித்தாள். ஒரு கன்றுக்கு மிதிக்கிறதைவிட அதிகமாகவே மிதித்தாள். பிறகு பக்கத்தில் அடுத்த கன்று, அதற்கடுத்த கன்று. சாயங்காலத்துக்குள் பாறையைச் சுற்றி ஒரே மாதிரி வரிசை.

அந்த வருடம் சிவப்புக் கல்லுக்குள் மக்காச்சோளம் ஆள் உயரம் வந்தது. யோன்ரேயின் அம்மா களையெடுப்பாள், அறுப்பாள், சமைப்பாள், புருஷனோடு மட்டும் பேச மாட்டாள். கில்தோ அறுப்பையே நம்பிக்கொண்டிருந்தான். அறுப்பு முடிந்ததும் அப்பாவை எடுத்து மேட்டில் வைத்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று எருதிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுக்கோடையில் மழை பொய்த்து, கன்றுகளில் பாதி பட்டுப்போனது. வேறு ஊர் ஆட்களைக் கொண்டுவந்து பட்டதைப் பிடுங்கிப் புதிதாக நட்டார்கள். எங்களை அந்தச் சரிவில் கால் வைக்க விடவில்லை. கையில் பட்டை கட்டிய காவலர்கள் இரண்டு பேர் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

அறுப்பு முடிந்த வாரம் புது உத்தரவு வந்தது. சரிவு எவ்வளவானாலும் சரி, மலையில் புனம் போடுகிற குடும்பம் ஒன்றும் இருக்கக் கூடாது. பனி விழும் முன் எல்லோரும் இறங்க வேண்டும். கூரைகளைப் பிரித்துவிடுவார்கள். சிவப்புக் கல்லுக்கும் அதே கதிதான், அடுத்த வசந்தத்தில் அங்கேயும் லார்ச். தொக்பல் அன்றைக்கே மூட்டை கட்டி, யாரிடமும் சொல்லாமல் சுரங்கத்துக்குப் போய்விட்டான்.

யாங் கடைசியாக வந்து கில்தோவைப் பார்த்தார். தன் கையில் ஒன்றும் இல்லை, மேலிடத்து உத்தரவு என்றார். அவர் முகம் வாடித்தான் இருந்தது.

"சமாதியை எடுத்துக்கிட்டுப் போறதுன்னா ஆள் தர்றேன். நானே கூட நிக்கிறேன். எலும்பை விட்டுட்டுப் போற வேதனை எனக்குத் தெரியும்."

"வேணாங்க," என்றான் கில்தோ. "இங்கயே இருக்கட்டும்."

யாங் அவன் தோளைத் தட்டினார். "நல்லதுதான். கவலைப்படாம போங்க. இந்தச் சரிவுல இனிமே எவனும் ஒரு மண்வெட்டி போட முடியாது. நான் இருக்கிற வரைக்கும் விடமாட்டேன்."

மறுநாள் காலையில் அவர்கள் இறங்கினார்கள். எருதை விற்றாயிற்று. கில்தோவின் முதுகில் ஜாடிகளும் மெத்தைகளும். பாறைக்கு எதிரே பாதை திரும்புகிற இடத்தில் யோன்ரேயின் அம்மா நின்றாள். கீழ்ச்சரிவில் காவலர்கள் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஹான்ஷிக் நாளுக்குப் பிறகு அவள் புருஷனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"எதுன்னு காட்டு. ஒரு கும்பிடு போட்டுட்டு வர்றேன்."

கில்தோ பார்த்தான். முழங்கால் உயரத்தில் லார்ச்சுகள், ஊசி மஞ்சளாகி உதிரத் தயாராக, வரிசை வரிசையாக நின்றன. அவன் நட்ட வரிசைக்கு நடுவில் புது வரிசைகள் வந்திருந்தன. நெடுநேரம் பார்த்துவிட்டு, கை நீட்டி ஒன்றைக் காட்டினான்.

"அது இல்ல," என்றாள் யோன்ரே. அவள் வேறொன்றைக் காட்டினாள்.

அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் காட்டியது புருஷன் காட்டியதற்கு வெகு தள்ளி, பாறையின் மறுபக்கம் இருந்தது. காவலன் ஒருவன் எழுந்து நின்று, அங்கே என்ன நிற்கிறீர்கள், நகருங்கள் என்று கத்தினான். அவள் எதற்கும் கும்பிடாமல் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.